சிவப்பு வண்டியின் பல்செட்

பிப்ரவரி 9, திங்கள்

எனக்குச் செய்யப்பட்ட அநியாயம் இது: நேற்று சூலூர் நிச்சயதார்த்தப் பந்தியில், இரண்டு வரிசை இலைக்கும் கேட்கும்படி, என் மைத்துனன் மருதாசலம் என்னையும் என் காரையும் ஒரே வாக்கியத்தில் அவமானப்படுத்தினான்.

நான் பக்கத்து இலைக்காரருக்கு ஸ்ப்ளிட்டர் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஓட்டப்பந்தய வண்டிகளின் முன் பம்பருக்கு அடியில், தரையை ஒட்டி, முறத்தின் நுனி போல நீட்டிக்கொண்டிருக்கும் தட்டை அது. எதிர்க்காற்று அதன்மேல் அழுந்தி வண்டியின் மூக்கைத் தரையோடு பிடித்து வைக்கும். என் வண்டிக்கும் ஒன்று மாட்டப் போகிறேன் என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். அப்போதுதான் எதிர் வரிசையிலிருந்து குரல் வந்தது.

"மச்சான் வண்டிக்குப் பல்செட்டுக் கட்டப் போறாருங்க. கெழட்டு வண்டி, கெழட்டு ஆளு, ரெண்டுக்கும் ஒரே டாக்டரு!"

எல்லோரும் சிரித்தார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் சிரித்த சிரிப்பில் ரசம் என் ஜிலேபியில் விழுந்தது. என் மனைவி கமலவேணியும் சிரித்தாள். அவள் அவனுக்கு அக்கா என்பதெல்லாம் ஒரு காரணமாகாது.

என் வண்டி இரண்டு கதவு, இரண்டு இருக்கை, சிவப்பு நிறம். வால்பாறையில் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து மூன்று வருடத்துக்கு முன் வாங்கினேன். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டிச் சம்பாதித்த காசு. அந்தத் தொழிலை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்து, அது எதனால் எரிந்தது என்று பார்த்துப் பார்த்தே கற்றேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு தட்டு மாட்டத் தெரியாதா?

"கடைக்கெல்லாம் போக மாட்டேன். நானே செஞ்சு நானே மாட்டுவேன்" என்றேன்.

"நீங்க மாட்டுனா மொத மேட்டுலயே கழண்டு விழுந்துருமுங்க மச்சான்."

பந்தயம் அங்கேயே, மோர்ச்சோற்றின்போது முடிவானது. மார்ச் முதல் தேதி, மூடிக் கிடக்கும் நூற்பாலையின் களத்தில் கார் கிளப்காரர்கள் கூம்புகளை நிறுத்தி வண்டி ஓட்டும் போட்டி வைக்கிறார்கள். மூன்று சுற்று முடியும்வரை தட்டு விழாமல் நின்றால், நேற்று நிச்சயமான பெண்ணின் கல்யாணப் பந்தியில் மருதாசலம் எழுந்து நின்று, என் மச்சான் கெட்டிக்காரர் என்று உரக்கச் சொல்ல வேண்டும். விழுந்தால் கார் சாவியை அவனிடம் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் நான் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. "எழுவத்தோரு வயசாச்சுங்க. அக்காளுக்காச்சும் நிம்மதியா இருக்குமுல்ல" என்று அன்போடு சேர்த்துக்கொண்டான்.

வீடு திரும்பும் வழியில் கமலவேணி சொன்னாள்: "சாவி ஆருகிட்ட இருக்கோணும்னு என்னைய ஒருத்தரும் கேக்கலீங்களே."

"உனக்கெதுக்குப் புள்ள சாவி?" என்றேன்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு மொபெட் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். நேராக வைக்கோல்போரில் போய்ச் செருகினாள். அன்றே முடிவு செய்தேன், கிளட்ச் என்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்று.

பிப்ரவரி 10, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வாங்கிப் பிரித்தேன். முன் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி, அட்டையை பம்பருக்கு அடியில் தள்ளி, விளிம்பைப் பென்சிலால் வரைந்தேன். வரைந்த கோட்டுக்கு வெளியே மூன்று விரற்கடை கூட்டி வெட்டினால் அதுதான் தட்டின் அளவு. ஒரு முனையைக் கமலவேணி பிடித்துக்கொண்டாள்.

"இடது பக்கம் ஒரு வெரக்கடை கம்மியா இருக்குதுங்க."

அளந்தேன். குறைவாகத்தான் இருந்தது. அட்டை வளைந்திருந்தது காரணம்.

பிப்ரவரி 12, வியாழன்

மதியத் தூக்கம் முடிந்து வண்டியில் உட்காரப் போனால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. ஓட்டுநர் இருக்கை முன்னால் நகர்ந்திருக்கிறது. இருக்கை நகரும் தண்டவாளத்தின் பூட்டு ஸ்பிரிங் தேய்ந்துவிட்டது. நின்ற வண்டியில் இருக்கை தானாக நகருமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: போர்ட்டிகோ சரிவு. சரிவில் எதுவும் நகரும். எண்ணெய் விட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

தட்டுக்கான பொருள் கிடைத்துவிட்டது. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஸ்ப்ளிட்டருக்குக் கடைப் பெயர்ப்பலகை செய்யும் ஏசிபி ஷீட்தான் வசதி. இரண்டு மெல்லிய அலுமினியத் தோல், நடுவே பிளாஸ்டிக். எடை குறைவு, விறைப்பு அதிகம். மருதாசலம் பொங்கலுக்குத் தன் பாத்திரக் கடைக்கு விளக்கு எரியும் புதுப் பலகை வைத்தான். பழைய பலகை குடோன் சந்தில் சாத்திக் கிடந்தது. குடோன் ஆளிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க பெரியவரே, மழைக்கு நனைஞ்சுட்டுக் கெடக்குது" என்றான். முறையாகக் கேட்டு வாங்கியதுதான்.

ஆறுமுகம் பாத்திர மாளிகை என்று நீலத்தில் எழுதியிருக்கிறது. எழுத்துள்ள பக்கத்தைக் கீழ்நோக்கி மாட்டுவேன். கோயம்புத்தூரில் எத்தனை வேகத்தடை உண்டோ அத்தனையிலும் மருதாசலத்தின் கடை உரசட்டும். ஆறுமுகம் என்பது என் மாமனார் பெயர்தான். ஆனால் கடை இப்போது மருதாசலத்துடையது. கடைதான் கணக்கு.

பிப்ரவரி 14, சனி

ஜிக்சா வைத்து வெட்டி, விளிம்பை அரத்தால் ராவினேன். 'மாளிகை' வெட்டுப்பட்டுப் போயிற்று. 'ஆறுமுகம் பாத்திர' மட்டும் முழுசாக, நட்ட நடுவில் வந்திருக்கிறது.

கமலவேணி காப்பியோடு வந்து தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுத்து மேல வர்ற மாதிரி மாட்டுங்களேன்."

"முடியாது. பெயின்ட் அடிச்ச பக்கந்தான் வழுவழுன்னு இருக்குது. அடியில காத்து வேகமாப் போகோணும். இது காத்தோட கணக்கு, உனக்குப் புரியாது."

"காத்துக்குப் படிக்கத் தெரியுமுங்களா?" என்றாள். காப்பி ஆறியிருந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

பிளாஸ்டிக் பம்பரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு, திருகாணி போட்டுத் தட்டை மாட்டினேன். பார்க்க ராஜா மாதிரி இருந்தது.

ஸ்ப்ளிட்டர் உறுதியா என்று அறிய ஒரே சோதனை உண்டு. அதன்மேல் ஓர் ஆள் ஏறி நிற்க வேண்டும். கமலவேணி என்னைவிட எடை குறைந்தவள் என்பதால் முதலில் அவளை நிற்கச் சொன்னேன்.

"நா மிதிக்க மாட்டனுங்க."

"செருப்பக் கழட்டிட்டு ஏறு."

"செருப்பில்லாட்டியும் மாட்டேன். நீங்களும் மிதிக்காதீங்க, சொல்லிட்டேன்."

பிடிவாதக்காரி. பயம்தான் காரணம். நானே ஏறினேன். பம்பரின் கிளிப்புகள் பட்டாசுச் சரம் மாதிரி வரிசையாக விட்டன. தட்டு, பம்பர், நான் மூவரும் ஒன்றாகத் தரைக்கு வந்தோம்.

"சொன்னேனில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கினாள்.

சாயங்காலம் மருதாசலம் போன் செய்தான். "பல்லு ஆடுதுங்களா மச்சான்?" இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒற்றன் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

வேலை இல்லை. உட்கார முடியவில்லை.

பிப்ரவரி 18, புதன்

தவறு என்னுடையதல்ல, பம்பருடையது. பிளாஸ்டிக்கை நம்பக்கூடாது. பம்பருக்குப் பின்னால், வண்டியின் எலும்பாக ஓர் இரும்புச் சட்டம் ஓடுகிறது. தட்டு அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய பம்ப்செட் ஸ்டாண்டிலிருந்து எல் வடிவ இரும்பை அறுத்து நான்கு தாங்கிகள் செய்தேன். தன்னால் கழலாத நைலான் நட்டு, அகல வாஷர். தட்டின் முன் விளிம்பை மேலே இழுத்துப் பிடிக்க, கொடிக்கம்பியை முறுக்கேற்றும் திருகுக் கம்பிகள் இரண்டு. துணி காயப்போட வேறு ஏற்பாடு செய்து தருவதாகக் கமலவேணியிடம் சொல்லியிருக்கிறேன்.

பெட்ரோல் முள் இறங்கியிருக்கிறது. போன வாரம் டேங்க் நிரப்பியதிலிருந்து நான் வண்டியை வெளியே எடுக்கவே இல்லை. அடியில் படுத்து முகர்ந்து பார்த்தேன், ஒழுகவில்லை. ஆவியாகிறது. மாசியிலேயே இந்த வெயில்.

பிப்ரவரி 20, வெள்ளி

மாட்டியாயிற்று. ஏறி நின்றேன். அசையவில்லை. குதித்தேன். அசையவில்லை. கமலவேணி உள்ளே போய்விட்டாள்.

வெள்ளோட்டம் விட்டேன். எங்கள் வாசல் சரிவு தெருவில் வந்து சேரும் இடத்தில்தான் அவள் தினமும் கோலம் போடுவாள். வண்டியை நேராக இறக்கினேன். கர்ரென்று ஒரு சத்தம். தட்டு தரையில் உரசி, கோலத்தின் நடுவே பட்டையாக வழித்துக்கொண்டு போயிருந்தது. திரும்பி வந்தபோது கமலவேணி வாசலில் நின்றாள். கோலம் கலைந்ததற்குச் சண்டை போடுவாள் என்று பதிலோடு இறங்கினேன். அவளோ குந்தி உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். முந்தானையால் கோலமாவைத் துடைத்துவிட்டாள்.

மருதாசலத்தின் கடை தரையில் உரசியது. நான் மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய நாள். சாம்பாரில் உப்பில்லை.

பிப்ரவரி 21, சனி

இன்று கோலத்தை நடுவில் போடாமல் வலது ஓரமாக, கோணலாகப் போட்டு வைத்திருக்கிறாள். வாசலில் பாதிதான் எனக்கு மிச்சம். ஈரக் கோலத்தை மிதித்தால் அன்றைக்கு என்ன சோறு கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் வண்டியை இடப்புறம் ஒடித்து, சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக இறக்கினேன்.

உரசவே இல்லை.

நேற்று ராத்திரி திருகுக் கம்பியை அரை மரை முறுக்கி வைத்தேன், அதன் பலன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பஜனைக் குழுவின் பத்மாவதி அம்மாள் வந்து, "அண்ணா, உங்க வண்டி ஏசி என்னமாக் குளுருதுங்க!" என்றார். சிலருக்கு நல்ல வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் அதன் குணம் தெரிந்துவிடுகிறது. உள்ளேயிருந்து கமலவேணி "பத்மாக்கா, அடுப்புல பால் பொங்குது, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு போனாள். எங்கள் வீட்டுப் பால் பொங்கினால் அவர் எதற்கு?

பின்பார்வைக் கண்ணாடி மறுபடி கீழே தொங்குகிறது. வெயிலில் பசை இளகுகிறது. இருக்கை இன்றும் முன்னால். எண்ணெய் விட்டதால் இன்னும் சுலபமாக நகர்கிறது போலும். நிழலில் நிற்கும் வண்டியின் பானட் மதியம் சூடாக இருக்கிறது. ஓர் எரிந்த மோட்டாரிடம்கூட இத்தனை கோளாறை நான் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

மருதாசலம் போன். "மச்சான், சாவிக்கு நல்ல சாவிக்கொத்து ஒண்ணு வாங்கி வெச்சுட்டனுங்க. வெள்ளி முருகன்."

வைத்துவிட்டேன். போனைத்தான்.

பிப்ரவரி 28, சனி

படுத்தபடி எழுதுகிறேன். எழுத்து சரியாக வராது.

கடைசி முறையாக எல்லா நட்டையும் இறுக்கிவிடலாம் என்று வண்டிக்கு அடியில் போனேன். இடது ஓர நட்டுக்கு ஸ்பேனரை வைத்து இழுக்கும்போது முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. கமலவேணி என் இரண்டு காலையும் பிடித்து, மூட்டையை இழுப்பது போல வெளியே இழுத்தாள். தைலம் தேய்த்தாள். இடது கால் தூக்கினால் உயிர் போகிறது. கிளட்ச் இடது காலில்தான் இருக்கிறது.

"நாளைக்கு எப்புடி ஓட்டுவீங்க?"

"ஓட்டுவேன்."

"கட்டல்ல இருந்து எறங்க முடியுதுங்களா?"

நாளைக்கு வண்டி களத்துக்குப் போகவில்லை என்றால் பந்தயம் போயிற்று. பந்தயம் போனால் சாவி போயிற்று. சாவி போனால் நான் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று மருதாசலம் யோசித்தானா? கமலவேணி விளக்கணைத்துவிட்டுச் சொன்னாள்: "போகட்டும் உடுங்க, வண்டி எங்கயும் போகாது."

என்ன பேச்சு இது.

மார்ச் 1, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே மருதாசலம் தன் பெரிய வண்டியில் வந்துவிட்டான். நான் கூடத்தில் நாற்காலியில், முதுகில் தலையணையோடு. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் முதலில் கவலை வந்தது. அதை எழுதத்தான் வேண்டும். பிறகு வெள்ளி முருகனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"ஓட்ட முடியாட்டித் தோத்த மாதிரித்தானுங்க மச்சான். கொண்டாங்க சாவிய."

சாவிக்கொத்து மாட்டும் இடத்தில் சாவி இல்லை. கமலவேணி உள்ளறையிலிருந்து வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, காலில் கான்வாஸ் ஷூ. அந்த ஷூவை நான் பார்த்ததே இல்லை. சாவி அவள் கையில் இருந்தது.

"மருதா, பந்தயம் என்ன? தட்டு நிக்குதா, உழுகுதாங்கறதுதான? ஆரு ஓட்டோணும்னு பேச்சு இருந்துச்சா?"

"இல்லீங்க்கா. ஆனா..."

"அப்பறம் என்ன ஆனா? உன்ற மச்சானத் தூக்கி உன்ற வண்டில உக்கார வை. பின்னாலயே வா."

பிறகு அவள் போர்ட்டிகோவுக்குப் போனாள். கண்ணாடியை ஒரு தட்டு, இருக்கையை ஓர் இழுப்பு. வண்டி கிளம்பி, வாசல் சரிவில் இடப்புறம் ஒடிந்து, சாய்வாக, சத்தமே இல்லாமல் இறங்கியது. வலது ஓரத்தில் கோலம் ஈரமாக அப்படியே இருந்தது.

மருதாசலம் அவள் வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டினான். சிங்காநல்லூர் சிக்னலில் கேட்டான்: "மச்சான், அக்காளுக்கு எப்பங்க ஓட்டத் தெரியும்?"

"எப்பவோ. நாந்தான் கத்துக்குடுத்தேன்" என்றேன். வைக்கோல்போரை எண்ணிச் சொன்னேன். பொய் இல்லை.

களத்தில் வண்டிகளைச் சோதித்தது ரெஜினா என்கிற ஒரு பெண். கழுத்தில் விசில், கையில் டார்ச். ஓட்டுநர் உரிமம் கேட்டாள். கமலவேணி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. எனக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பச்சைத் துணி கட்டிக் கிடந்த மாதம்.

"அப்ப தினமும் கோயிலுக்குன்னு போனது?"

"டிரைவிங் ஸ்கூலுக்குங்க. வெள்ளிக்கெழம மட்டும் கோயிலு."

"இப்ப மத்தியானத்துல?"

"நீங்க தூங்குவீங்க. வண்டி சும்மா நிக்கும். பஜனைக்காரங்கள ஒருத்தரு ஒருத்தராக் கூட்டிப் போவேன். ரெண்டே சீட்டுதான?"

ஆக, இருக்கையின் ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அளவில் நிம்மதி.

ரெஜினா தட்டைப் பிடித்து உலுக்கினாள். "செம்மையா நிக்குதே. எந்தக் கடைங்க அங்கிள்?"

"நானே" என்றேன். மருதாசலம் கேட்கட்டும் என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

அவள் குனிந்து, டார்ச் அடித்து, அடியில் பார்த்தாள். "இங்க என்னமோ எழுதியிருக்கே. ஆறு... ஆறுமுகம் பாத்திர... பாத்திரமா?"

மருதாசலம் தன் வெள்ளை வேட்டியோடு சிமெண்ட் தரையில் மண்டியிட்டான். தலையை வண்டிக்கு அடியில் விட்டான். கொஞ்ச நேரம் அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"மச்சான்! இது எங்கப்பா பேருங்க!"

"உன்ற கடைப் பலகை" என்றேன்.

"அப்பா பேரக் கொண்டாந்து ரோட்டுல தேய்க்கறீங்களா? ரெண்டு காலையும் வெச்சு மேல ஏறி நின்னீங்களாமா? அக்கா, உனக்குத் தெரியுமா இது?"

"வெட்டுன அன்னிக்கே தெரியுமடா. குடோன்ல மழையில போட்டது ஆரு? நீதான? அத அறுத்துக் குப்புற மாட்டுனது ஆரு? இவரு. ரெண்டு பேருக்கும் நல்லா வருது வாயி." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அந்தப் பேரு தரையில ஒரசப்படாதுன்னுதான் கோலத்த ஓரமாப் போட்டேன். வளைச்சு எறக்குனா ஒரசாதுன்னு உங்ககிட்டச் சொன்னா நீங்க கேப்பீங்களா?"

"இப்பவே கழட்டுங்க" என்றான் மருதாசலம்.

"கழட்டுனா நா செயிச்சதாகாது. கழட்ட மாட்டேன்."

"கழட்டவும் வேண்டாம், உழுகவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கமலவேணி ஹெல்மெட்டை வாங்கினாள். கொண்டை தடுத்தது. கொண்டையைப் பிரித்து, மல்லிகையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மாட்டிக்கொண்டு போனாள். எழுபத்தோரு வயதில், நூறு பேருக்கு நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில் பூவோடு உட்கார்ந்திருந்தேன்.

முதல் சுற்று மெதுவாகப் போனாள். நான் இன்னும் வேகமாகப் போயிருப்பேன். ஒரு கூம்பு சாய்ந்தது. இரண்டாவது சுற்றில் கூம்புகளுக்கு நடுவே வண்டியின் மூக்கு தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பியதைப் பார்த்தேன். காற்றின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வேகத்துக்குக் காற்று எங்கே என்று பக்கத்தில் ஒருவன் சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

களத்தின் கோடியில் சாக்கடைக் குழாய் போகும் மேடு ஒன்று இருக்கிறது. இரண்டாவது சுற்றில் அதில் ஏறி இறங்கியபோது இடது திருகுக் கம்பி பட்டென்று விட்டது. தட்டின் இடது மூலை தொங்கி நடுங்க ஆரம்பித்தது. நேற்று நான் இறுக்காமல் விட்ட நட்டு.

இன்னும் ஒரு சுற்று.

பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு கேட்டுத் திரும்பினேன். மருதாசலம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். "முருகா, உழுகக்கூடாது. எங்கப்பா மண்ணுல உழுகக்கூடாது. கண்ணு, உழுந்துராத..."

"விழுந்தா உனக்குத்தான்டா சாவி" என்றேன்.

"சாவி கெடக்குது கெரகம்! சும்மா இருங்க மச்சான், அக்கா மேட்டுக்கு வந்துட்டா!"

"ரெண்டாவது கியரு!" என்று நான் கத்தினேன்.

"வளைச்சுக்கா! வளைச்சு!" என்று அவன் கத்தினான்.

அவள் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டிருக்க முடியாது. மேட்டுக்கு முன் வேகத்தைக் கொன்று, வண்டியை இடப்புறம் ஒடித்து, எங்கள் வாசலில் இறக்குவது போலவே, ஒவ்வொரு சக்கரமாக இறக்கினாள். தொங்கிய மூலைக்கும் சிமெண்டுக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளி. கோட்டைத் தாண்டி வந்து நின்றாள்.

எஞ்சின் அணைவதற்குள் மருதாசலம் ஓடினான். மண்டியிட்டு, தொங்கிய மூலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். விசிலோடு வந்த ரெஜினாவிடம் அவனே சொன்னான்: "உழுகலீங்க. பாத்துக்கங்க, உழுகவே இல்லீங்க. எழுதிக்கங்க." பந்தயத்தில் எதிராளி எனக்குச் சாட்சி சொல்லி நான் பார்ப்பது இதுவே முதல் தடவை.

கமலவேணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். வேர்த்திருந்தது. சாவியை உருவினாள். நான் கையை நீட்டினேன். பழக்க தோஷத்தில் மருதாசலமும் ஒரு கையை நீட்டினான். எங்கள் இருவர் கையையும் பார்த்துவிட்டு, சாவியைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"பந்தயங் கட்டுனது நீங்க ரெண்டு பேரு. ஓட்டுனது நானு. பூவக் குடுங்க."

கொடுத்தேன்.

மார்ச் 2, திங்கள்

அநியாயம் இன்னும் தீரவில்லை. பந்தியில் சொன்ன சொல் பந்தியில்தான் திரும்ப வாங்கப்பட வேண்டும். அதோடு, என் வண்டியை எனக்குத் தெரியாமல் இரண்டு வருடம் ஓட்டியது தனி வழக்கு. ஆகவே இன்று காலை மூன்று பேரும் உட்கார்ந்து பேசியதை, சண்டையை நீக்கி, எழுதி வைக்கிறேன்.

இடது கம்பிக்குப் புது போல்ட்டும் இரட்டை நட்டும் வாங்க வேண்டியது மருதாசலம். வண்டிக்கு அடியில் படுத்து மாட்ட வேண்டியதும் அவனே. எந்த ஸ்பேனர் என்று நாற்காலியிலிருந்து சொல்ல வேண்டியது நான்.

தட்டைக் கழற்றி, பெயர் மேலே வரும்படி திருப்பி மாட்ட வேண்டியது நானும் அவனும். காற்றின் கணக்கு கெடும். கெடட்டும்.

அதன்மேல் இனி யாரும் ஏறி நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நான்.

கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று கெட்டிக்காரர் என்று சொல்ல வேண்டியது மருதாசலம். அது யாரைக் குறிக்கிறது என்பதில் இன்று காலையிலிருந்து அவன் தகராறு செய்கிறான். அவன் அக்காளிடம் கேட்டு முடிவு சொல்ல வேண்டியதும் அவனே.

கொடிக்கம்பிக்குப் புதுத் திருகு வாங்கிக் கட்ட வேண்டியது நான். துணி பன்னிரண்டு நாளாக ஜன்னலில் காய்கிறது.

பெட்ரோல் போட வேண்டியது, பஜனைக்காரர்களைக் கூட்டிப் போகிறவர்.

ஓட்டி முடித்தபின் இருக்கையைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டியது கமலவேணி. இதைப் படித்துவிட்டு முடியாது என்றாள். ஆகவே நான்.

சாவியை வைத்திருக்க வேண்டியது கமலவேணி. வேண்டும்போது கேட்டு வாங்க வேண்டியது நான். கேட்டதும் கொடுக்க வேண்டியது கமலவேணி. கேட்கும் விதத்தைப் பொறுத்தது என்கிறாள்.

முதுகு சரியானதும், வாசல் சரிவில் வண்டியை வளைத்து இறக்குவதைச் சொல்லித்தர வேண்டியது கமலவேணி.

கற்றுக்கொள்ள வேண்டியது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.